மலை எங்களுக்கு வலப்பக்கம்

2003-ஆம் வருஷம் தை மாதம். ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் தேவகுமார் ஐயா விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு நாங்கள் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தோம். நாங்கள் என்று சொல்கிறேனே தவிர, பூசுகிறவர்கள் கொத்தனார்கள். நான் சித்தாள், கலவை சுமக்கிறவள். சாரத்தின் மேலே நிற்கிற கொத்தனார் "கலவை!" என்று கத்துவார். கீழே இருக்கிறவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பதினெட்டு வருஷம் அந்தச் சத்தத்துக்கு ஓடியிருக்கிறேன். மணியம்மாள் என்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கம்மி.

என் சாப்பாட்டுப் பையில் ஒரு கரண்டி இருக்கும். சோறு போடுகிற கரண்டி இல்லை, பூசுகிற கரண்டி. அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்பு கார்த்திகைத் தீபத்துக் கடையில் வாங்கினது. மதியம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தலை சாய்க்கிற நேரத்தில் குளியலறை மூலை, மாடிப்படிக்கு அடியில் என்று யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து மிச்சக் கலவையை இழைத்துப் பழகினேன். அந்த இடங்களில் இன்று வரைக்கும் வெடிப்பு இல்லை. பலராமனுக்கு இது தெரியும். அவன் என் கீழே கலவை குழைக்க வந்த பையன். மூன்றாம் வருஷமே கொத்தனார் ஆகிவிட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் வேலைக்காரன். ஆனால் அவன் ஆனான், நான் ஆகவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை டீ நேரத்தில் தேவகுமார் ஐயா ஒரு காகிதத்தோடு வந்தார். சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து அவர் இடத்தில் பந்தயம் நடத்தப் போகிறதாம். அட்வென்ச்சர் ரேஸ் என்று பேர். ஓர் அணிக்கு நாலு பேர், அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். முதலில் இரண்டு சைக்கிளை வைத்துக்கொண்டு நாலு பேரும் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஏரிக்குப் போக வேண்டும். அங்கே தெப்பம் கட்டி அக்கரைக்குப் போய்த் திரும்ப வேண்டும். மறுபடி சைக்கிளில் விடுதிக்கு வந்து, அங்கிருந்து மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர் காலால் போக வேண்டும். காலை ஆறு மணிக்குத் தொடக்கம், மதியம் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். சென்னை, பெங்களூரிலிருந்து பதினோரு அணி வருகிறது. உள்ளூர் அணி ஒன்று கல்லூரியிலிருந்து வருவதாக இருந்தது, பெண்ணின் வீட்டில் விடவில்லை என்று நின்றுவிட்டது.

"உள்ளூருக்குன்னு ஒரு டீமாவது இருந்தா நல்லா இருக்கும், மேஸ்திரி. உங்க ஆளுங்க யாராச்சும்?" என்றார் ஐயா.

எங்கள் மேஸ்திரி சக்கரபாணி டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுங்களா? டீ குடிக்க அர மணி, வெத்தல போட அர மணி. இதுங்க எங்க ஓடப் போவுது?"

"சைக்கிள் ஓட்டறோம், தண்ணியில எறங்கறோம், மலைய சுத்தறோம். இதுக்கா மெட்ராஸ்லேர்ந்து மெனக்கெட்டு வராங்க?" என்றான் பலராமன்.

"பொம்பள வேணும்டா அதுக்கு. நீ சேல கட்டிக்கினு போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் மேஸ்திரியிடம் முன்பக்கத்துச் சுவரைக் கேட்டிருந்தேன். ஒரே ஒரு சுவர், பூசிக் காட்டுகிறேன், பிடிக்கவில்லை என்றால் கொத்திப் போடுங்கள் என்று. "சேலையோட சாரத்து மேல ஏறி நின்னா கீழ இருக்கறவன் வேலை பாப்பானா, உன்னப் பாப்பானா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

"நான் போறேன். போய் முடிச்சிட்டு வந்தா கரண்டி வேலை குடுப்பீங்களா?" என்றேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வேடிக்கை கிடைத்துவிட்டது அவருக்கு. "சரி. எல்லாரும் கேட்டுக்கோங்க. நாலு பேரும் ஒண்ணா, ஒரு மணிக்குள்ள, அவங்கவங்க கால்ல நடந்து இந்த கேட்டுக்குள்ள வந்துட்டீங்கன்னா முன்பக்கத்து சுவரு மணியம்மாளுது. அன்னிலேர்ந்து அவ கொத்தனாரு. வரலன்னா, பையில ஒளிச்சு வச்சிருக்கியே கரண்டி, அத எங்கிட்ட குடுத்துடணும். அப்புறம் சாவற வரைக்கும் சட்டிதான். இதப்பத்தி வாயே தொறக்கக் கூடாது."

கரண்டி விஷயம் அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஐயா, நீங்க சாட்சி" என்றேன். தேவகுமார் ஐயா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

நாலு பேர் சேர்ந்தோம். நான், பலராமன், சாரம் கட்டுகிற சடையன், என்னோடு கலவை சுமக்கிற எழிலரசி. சடையனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கட்டின சாரம் காற்றில் ஆடாது, அவர் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எழிலரசிக்கு இருபத்திரண்டு. இரண்டு சட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு படி ஏறுவாள்.

சனிக்கிழமை பேர் பதிந்தார்கள். மேசைக்குப் பின்னால் வர்ஷா என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள், பந்தயம் நடத்துகிறவர்களில் ஒருத்தி. என் கையைப் பார்த்துவிட்டு கைநாட்டு வைக்க மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதை அவள் பக்கமே திருப்பி நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டேன். அறிவொளி வகுப்பில் முப்பது வயதில் பழகின கையெழுத்து, கொஞ்சம் நேரம் பிடிக்கும். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

விதிகள் எழுதின தாளும் வரைபடமும் கொடுத்தார்கள். படிக்கத் தெரிந்தவள் என்று அதை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னான் பலராமன். அன்று மதியம் மணல் குவியலின்மேல் உட்கார்ந்து எல்லோருக்கும் முழுதாகப் படித்துக் காட்டினேன். கடைசிச் சுற்றுக்கு விடுதி வாசலிலிருந்து டவுன் பக்கமாக ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அதையும் பார்த்தேன். விரலை வைத்துக் காட்டவும் செய்தேன். பின்னால் நடந்ததற்குத் தெரியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு விசில் ஊதினார்கள். எங்களுக்குப் பன்னிரண்டாம் நம்பர், முன்னாலும் பின்னாலும் துணியில் கட்டிவிட்டிருந்தார்கள். மற்றவர்களிடம் கியர் வைத்த சைக்கிள், மெல்லிசாக, பின்னால் கேரியர் இல்லாமல். இரண்டு பேர் ஓட்ட, இரண்டு பேர் பின்னால் ஓடி, பிறகு மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் கொண்டுபோனது வேலைக்கு வருகிற சைக்கிள். பலராமன் மிதித்தான், நான் கேரியரில் உட்கார்ந்தேன். இன்னொன்றை எழிலரசி மிதித்தாள், பின்னால் சடையன்.

"கொஞ்சம் பள்ளத்த பாத்து ஓட்டும்மே, எலும்பு ஒவ்வொண்ணும் தனியாப் பேசுது" என்றார் சடையன்.

"எறங்கி ஓடறியா மாமா?"

"ஓட்டு, ஓட்டு. ஒண்ணும் சொல்லல."

மூன்றாவது கிலோமீட்டரில் மோட்டார் சைக்கிளில் விசில்காரர் ஒருவர் பக்கத்தில் வந்தார். டபுள்ஸ் போகக்கூடாது என்றார்.

"எங்க போட்டிருக்கு?" என்றேன்.

"அதெல்லாம் பொதுவான ரூல்மா."

நான் மடியிலிருந்து தாளை எடுத்தேன். கேரியரில் உட்கார்ந்தபடியே முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். குண்டும் குழியுமான ரோட்டில் எழுத்துகள் குதித்தன. ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி நாலாவது விதிக்கு வருவதற்குள் ஒரு மைல் போயிருக்கும். இன்னும் பதினேழு விதி பாக்கி. "போங்கம்மா, போங்க" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏரியில் ஒவ்வொரு அணிக்கும் நாலு லாரி டியூப், ஆறு மூங்கில், ஒரு சுருள் கயிறு, துடுப்புகள் கொடுத்தார்கள். கயிற்றைப் பார்த்ததும் சடையன் பேச்சை நிறுத்தினார். அவர் பேச்சை நிறுத்தினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மூங்கிலைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, சாரத்துக்குப் போடுகிற அதே கட்டு. குதிகாலை மூங்கிலில் கொடுத்து உட்கார்ந்து இழுத்து இறுக்கினார். எங்களுக்கு முன்னால் போன தெப்பங்கள் நடு ஏரியில் பிரிந்து, மூங்கில் ஒரு பக்கமும் டியூப் ஒரு பக்கமுமாக மிதந்தன. நாங்கள் அவர்களைத் தாண்டிப் போனோம். எங்கள் நாலு பேரில் நீச்சல் தெரிந்தவன் பலராமன் மட்டும்தான். மிதவைச் சட்டையின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டேன். சடையன் கட்டு தினமும் நாற்பதடி உயரத்தில் கொத்தனார்களையே தாங்குகிறது, தண்ணீரில் என்னைத் தாங்காதா என்று துடுப்பைப் போட்டேன்.

விடுதிக்குத் திரும்பும்போது மணி பத்து இருபது. ஐந்து அணிதான் எங்களுக்கு முன்னால். மேஸ்திரி வாசல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் காலையில் இருந்த சிரிப்பு இல்லை.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது.

சைக்கிளைச் சாத்திவிட்டுச் சடையன் செருப்பைக் கழற்றி வாசலோரம் வைத்தார். ஏன் கழற்றுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. மலையைச் சுற்றப் போகிறோம், செருப்போடு யார் போவார்கள்? எழிலரசி கழற்றினாள், பலராமன் கழற்றினான், நானும் கழற்றினேன். நாலு ஜோடியும் வரிசையாக வைத்துவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டவுனுக்கு முதுகைக் காட்டி இடப்பக்கம் திரும்பி நடந்தோம். செருப்பைக் கழற்றின காலுக்கு அப்புறம் யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி போன வழி. மலை வலப்பக்கம். வரைபடம் என் மடியில் நான்காக மடித்துக் கிடந்தது.

வாசலில் நின்றவர்கள் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. மேஸ்திரிக்கு அந்த அம்புக்குறி தெரிந்திருந்ததா என்று நான் பிறகு கேட்கவும் இல்லை.

அரை மணி நேரம் நல்ல வேகம். செங்கம் ரோட்டை விட்டு மலைப்பாதைக்குள் திரும்பி, மரநிழலில் ஓடியும் நடந்தும் போனோம். எதிரே நாலு பேர் ஓடி வந்தார்கள். ஏழாம் நம்பர், முதலிடத்தில் இருந்த சென்னை அணி. முன்னால் வந்த பையன் எங்களைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினான்.

"ஆன்ட்டி, ராங் ரூட்! ஆப்போசிட்ல போறீங்க!"

ஓடிப் போய்விட்டார்கள். நாங்கள் நின்றோம். நான் தாளை எடுத்து விரித்தேன். அம்புக்குறி அது பாட்டுக்கு டவுன் பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. டவுனில் கூட்டம் கூடுவதற்குள் அந்தப் பக்கத்தைக் கடந்துவிட வேண்டும் என்று காரணம்கூட எழுதியிருந்தார்கள்.

"யக்கா, நீதான பேப்பர் வச்சினு இருந்த?" என்றாள் எழிலரசி. அவள் குரலில் அழுகை இருந்தது.

"நான்தான்" என்றேன்.

பலராமன் மணியைப் பார்த்தான். "பத்து அம்பது. இப்ப திரும்பி ஓடினா கேட்டுக்குப் பதினொண்ணு இருபது. அங்கேர்ந்து பதினாலு கிலோமீட்டரு. ரெண்டு மணி ஆயிடும்க்கா."

"நான் திரும்ப மாட்டேன்" என்றார் சடையன். "ஆரம்பிச்சதப் பாதியில விட்டுட்டுத் திரும்பறதா? அதுவும் மலைய எடப்பக்கம் வச்சிக்கினு? எங்கப்பன் செஞ்சதில்ல. நீங்க போறதுன்னா போங்க."

"பந்தயம்யா இது. சாமி கும்பிட வரல" என்றான் பலராமன்.

"காலு எனுது."

எனக்குக் கரண்டி ஞாபகம் வந்தது. சுவர் ஞாபகம் வந்தது. என் தப்புக்கு என் சுவர் போகிறது என்றால் அது நியாயம்தான் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்புறம் மேஸ்திரி சொன்ன வார்த்தையை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். நாலு பேரும் ஒன்றாக. ஒரு மணிக்குள். அவரவர் காலால். கேட்டுக்குள். எந்தப் பக்கத்திலிருந்து என்று அவர் சொல்லவில்லை.

"யாரும் திரும்ப வேணாம். இப்படியே போலாம். சுத்தினா அங்கதான போய் நிக்கணும்?" என்றேன்.

"செல்லாதுன்னுடுவாங்கக்கா" என்றான் பலராமன்.

"அவங்க சொல்லிக்கட்டும். எனக்கு மெடலா வேணும்?"

கொஞ்ச தூரத்தில் குளத்துப் பக்கம் ஒரு மேசை. வழியில் மூன்று இடத்தில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும், இது மூன்றாவது இடம். எங்களுக்கு முதலாவது. அங்கே உட்கார்ந்திருந்தவர் விளையாட்டு வாத்தியார் மாதிரி விசில் தொங்கவிட்டிருந்தார். முத்திரை போட மாட்டேன் என்றார். ஒன்றும் இரண்டும் இல்லாமல் மூன்று எப்படிப் போடுவது?

"போட வேணாம் சார். பேனா குடுங்க."

அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். 'காலை 10.58. நாலு பேரும் வந்தோம்.' எழுதி அவர் முன்னால் வைத்தேன். "நாங்க வந்தது நெஜம்தான? அதுக்கு மட்டும் கையெழுத்து போடுங்க."

அவர் எங்கள் நாலு பேரையும் பார்த்தார், கால்களைப் பார்த்தார். "செருப்பு எங்கம்மா?" என்றார்.

"மலை சார்" என்றார் சடையன், அது போதும் என்கிற மாதிரி.

அவர் கையெழுத்துப் போட்டார். தண்ணீரும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அணியாக எங்களுக்கு எதிரே வந்தது. நாங்கள் ஏரியில் தாண்டிப் போனவர்களும் வந்தார்கள். பதினோரு அணியும் சொல்லி வைத்தது மாதிரி "ராங் ரூட்" என்றது. முதல் மூன்று பேருக்குத் தலையாட்டினேன். அப்புறம் விட்டுவிட்டேன். கடைசியில் வந்த ஒருவன் எங்களை நிறுத்தி விளக்கவே ஆரம்பித்துவிட்டான். எழிலரசிக்குப் பொறுக்கவில்லை.

"யோவ், இந்த ஊர்ல யார வேணா கேளு. நீங்க பதினோரு பேரும்தான் ராங்கு!"

அவன் நிஜமாகவே சுற்றுமுற்றும் பார்த்தான். மரத்தடியில் உட்கார்ந்திருந்த சாமியார் ஒருவர் எங்களைக் காட்டித் தலையாட்டினார். எழிலரசி மூன்று நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடி அண்ணாமலையில் இரண்டாவது கையெழுத்து வாங்கும்போது பதினொன்று இருபது. வெயில் ஏறிவிட்டது. தார் கொதித்தது. கான்கிரீட் தளத்தில் வெறுங்காலோடு நடந்து பழகின கால்கள், சமாளித்தன. ஈசானிய லிங்கத்தில் மூன்றாவது கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு டவுனுக்குள் நுழைந்தபோதுதான் அவர்கள் ஏன் அம்புக்குறியை அந்தப் பக்கம் போட்டார்கள் என்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம். பஸ், ஆட்டோ, தேங்காய் வண்டி, மொட்டையடித்த குடும்பங்கள். ஓட முடியவில்லை, நடக்கவே இடம் தேட வேண்டியிருந்தது.

"இன்னாம்மா, இப்ப கிரிவலத்துக்கும் நம்பர் குடுக்கறாங்களா?" என்று ஒரு பூக்காரம்மாள் கேட்டாள்.

"ஆமா, உனுது பதிமூணு. வா" என்றான் பலராமன்.

பெரிய கோபுரத்தைத் தாண்டிச் செங்கம் ரோட்டில் கால் வைத்தபோது பன்னிரண்டு இருபது. இன்னும் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அங்கேதான் சடையன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சதை கல்லு மாதிரி இறுகியிருந்தது. பலராமன் அவரைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தான்.

"தூக்காத" என்றேன். "அவங்கவங்க கால்லன்னு சொல்லியிருக்காரு. அதுல ஒரு ஓட்டை குடுக்க மாட்டேன்."

"ஒம்போது நாள் சாரம் கட்டினப்ப கூட இப்பிடி ஆவல" என்று முனகினார் சடையன். "நீங்க போங்கம்மே."

"நாலு பேரும் ஒண்ணான்னா நாலு பேரும் ஒண்ணா. எந்திரி மாமா."

எழிலரசி அவர் தொடையை இரண்டு கையாலும் நீவிவிட்டாள். எழுந்து நின்றார், ஆனால் காலைத் தூக்கி வைக்க வரவில்லை. எனக்கு ஒன்று தோன்றியது. கலவை போடும்போது ஒரு மூட்டை சிமெண்டுக்கு இத்தனைச் சட்டி மணல் என்று எண்ணிக் கொட்டுவோம். முதல் சட்டியை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு. அந்த எண்ணிக்கை ஆரம்பித்துவிட்டால் முடிகிற வரை யாரும் சட்டியைக் கீழே வைக்கக் கூடாது, அது எங்கள் வழக்கம். சடையனே வைத்த வழக்கம்தான்.

அவர் முன்னால் நின்றுகொண்டு, "லாபம்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். ஆனால் கால் வந்தது.

"ரெண்டு."

இன்னொரு கால். பலராமனும் எழிலரசியும் சேர்ந்து சொன்னார்கள். இருபது வரைக்கும் எண்ணி, மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தோம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பத்துத் தடவை எண்ணினதற்கப்புறம் அவரே சத்தம் போட்டு எண்ண ஆரம்பித்தார், எங்களைவிட வேகமாக. ரமணாசிரமத்து வாசலைத் தாண்டும்போது நொண்டி நொண்டி ஓடவே செய்தார்.

கேட்டுக்குள் நாலு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நுழைந்தோம். மேசைமேல் இருந்த கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பத்து நாலு.

வர்ஷா எழுந்து வந்தாள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் சங்கடம்தான். "நீங்க ரிவர்ஸ்ல வந்துட்டீங்கம்மா. மூணு எடத்துலயும் ஸ்டாம்ப் இல்ல. டிஸ்குவாலிஃபைதான் பண்ண முடியும்."

"பண்ணிக்கம்மா. உன் பந்தயம், உன் ரூலு. ஆனா நாங்க வந்த நேரத்த எழுதிக் குடு."

அவள் எழுதினாள். 'அணி 12. நாலு பேர். 12.54. தகுதி நீக்கம்.' அதை வாங்கிக்கொண்டு மேஸ்திரியிடம் போய் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "செல்லாதுன்னு எழுதியிருக்கே."

"அது அவங்களுக்கு. நீங்க கேட்டது நாலு பேரு, ஒரு மணி, சொந்தக் காலு. நாலும் இதுல இருக்கு பாருங்க."

"மூணுதான சொன்ன?"

"நாலாவது கேட்டு. அதுக்குள்ள நின்னுதான் பேசினு இருக்கேன்."

பலராமன் சிரித்துவிட்டான். மேஸ்திரியின் முகம் சிவந்தது. "தப்பு வழியில சுத்திட்டு வந்து எனக்கே கணக்கு சொல்றியா? செல்லாதுன்னா செல்லாது. கரண்டியக் குடு."

நான் தேவகுமார் ஐயாவைப் பார்த்தேன். அவர் பரிசுக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். "மேஸ்திரி பாத்து செய்வாரும்மா. வேலை விஷயத்துல நான் எப்படித் தலையிடறது?" என்றார். திங்கட்கிழமை தலையாட்டின அதே தலை.

சரி, சாட்சியும் இல்லை. "கரண்டி குடுக்க மாட்டேன்" என்றேன். "நாளைக்கு வரேன்."

மறுநாள் காலையில் எட்டு மணிக்குக் கொத்தனார்கள் வருவதற்கு முன்னால் சேலையை இழுத்துச் செருகி, மேலே ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முன்பக்கத்துச் சாரத்தில் ஏறி நின்றேன். கையில் கரண்டி. சுவரைத் தண்ணீர் அடித்து நனைத்தேன். மேஸ்திரி வந்து கீழேயிருந்து பார்த்தார்.

"எறங்கு."

நான் சுவரைத்தான் பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. அவருக்கு அதைவிட நல்ல வழி தெரியும். குழைத்து வைத்திருந்த கலவையின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எவனும் எவளும் அவளுக்கு ஒரு சட்டி கலவ குடுக்கக் கூடாது. குடுத்தவங்க நாளைலேர்ந்து வேற எடம் பாத்துக்கோங்க."

கலவை இல்லாத கரண்டி வெறும் இரும்பு. சுவர் காய ஆரம்பித்தது. மறுபடி தண்ணீர் அடித்தேன். மறுபடி காய்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கீழே பார்க்கக் கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். பார்த்தால் இறங்கிவிடுவேன்.

சட்டியில் மண்வெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் நொண்டிக் காலோடு ஒருவர் நடந்து வருகிற சத்தம். குனிந்து பார்த்தேன்: சடையன், தலையில் துண்டைச் சுருட்டின சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி. சாரம் கட்டுகிறவர் சட்டி தூக்கி நான் பார்த்ததே இல்லை. அது சித்தாள் வேலை, பெண்கள் வேலை.

"யோவ், நான் சொன்னது காதுல விழல?" என்றார் மேஸ்திரி.

"விழுந்துச்சி, மேஸ்திரி. இந்தச் சாரம் நான் கட்டினது. நான் போறேன்னா இதையும் பிரிச்சி எடுத்துனு போவேன். மூணு மாடி இருக்கு. சாயங்காலத்துக்குள்ள முடியும்" என்றார் சடையன். சட்டியைப் படியில் நின்ற எழிலரசியிடம் ஏற்றினார். அவள் எப்போது வந்து நின்றாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் மேலே நின்ற பலராமனிடம் கொடுத்தாள். அவன் தன் சுவரை விட்டுவிட்டு என் பக்கத்துப் பலகைக்கு வந்திருந்தான். சட்டியை என் காலடியில் வைத்தான்.

கீழேயிருந்து சடையன் குரல் கொடுத்தார். "லாபம்!"

எண்ண ஆரம்பித்துவிட்டால் முடிகிற வரைக்கும் யாரும் கீழே வைக்கக் கூடாது. அது மேஸ்திரிக்கும் தெரியும்.

கலவையை வீசி அடித்தேன், கரண்டியால் இழுத்தேன். மதியத்துக்குள் ஒரு ஆள் உயரம் ஏறியது. மற்றச் சித்தாள்களும் வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மேஸ்திரி தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். நூலை மேலிருந்து கீழே விட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது. நூலுக்கும் சுவருக்கும் நடுவில் மேலே எவ்வளவு இடமோ கீழேயும் அவ்வளவுதான். இன்னோர் இடத்தில் விட்டார். அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது இடத்தில் விட்டுவிட்டு, நூலைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

அவர் என்ன சொல்வார் என்று கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் காத்திருக்கவில்லை. என் சட்டி காலியாக இருந்தது.

"கலவை!" என்று கத்தினேன்.